கத்தரிப்பூவைக் குலுக்குவது யார்?

“தேனீ அழிந்தால் மனிதனுக்கு நாலே வருடம்தான் ஆயுள். ஐன்ஸ்டீனே சொல்லியிருக்கிறார்.”

வேளாண் கூட்டங்களில் மேடையேறுகிறவர்கள் பலரும் இந்த வரியோடுதான் தொடங்குகிறார்கள். 1955இல் மறைந்த ஐன்ஸ்டீனின் எழுத்திலும் பேச்சிலும் இப்படியொரு வாக்கியம் எங்குமே அகப்படவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே அது அவர் பெயரோடு தலைகாட்டுகிறது; 1994இல் பிரெஞ்சுத் தேனீ வளர்ப்பாளர்கள் பிரசெல்ஸில் போராடியபோது வெளியிட்ட துண்டறிக்கை அதை மேலும் பரப்பியது.

பெயர் தவறு என்பது சிறிய குறை. கணக்கே தவறு என்பதுதான் பெரிய குறை. நெல், கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு எதற்கும் தேனீ வேண்டியதில்லை. காற்றும் தன்மகரந்தச் சேர்க்கையுமே அவற்றுக்குப் போதும். மரவள்ளியைக் குச்சி நட்டும் உருளையைக் கிழங்கு நட்டும் வளர்க்கிறோம். வாழைத்தாரில் காய் திரளுவதற்கு மகரந்தமே தேவையில்லை. உலகின் முக்கியப் பயிர்களில் 115ஐ எடுத்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 87 பயிர்களுக்குப் பூச்சி, பறவை, வௌவால் போன்ற உயிர்களின் உதவி ஏதோ ஓர் அளவில் பயன்படுகிறது என்றது. ‘ஏதோ ஓர் அளவில்’ என்பதை விட்டுவிட்டு மேடையில் 87ஐ மட்டும் சொல்கிறார்கள். இந்த உதவி அடியோடு நின்றுபோனாலும் உலகின் மொத்த விளைச்சல் 3 முதல் 8 விழுக்காடு வரையே குறையும் என்பது 2009இல் வந்த மதிப்பீடு.

அவ்வளவுதானா என்று நிம்மதி கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த 8 விழுக்காட்டில் எவையெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். இலையில் சோறு இருக்கும். சாம்பாரில் பூசணியும் முருங்கையும் அரிதாகிவிடும். கூட்டுக்குச் சுரைக்காயும் புடலங்காயும் கிடைக்காது. மாம்பழம், தர்பூசணி, ஏலக்காய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் குறையும், விலை ஏறும். வயிறு நிரம்பும், உடம்புக்கு வேண்டிய உயிர்ச்சத்துகள் சேராது. ஏக்கர் இரண்டு ஏக்கரில் காய்கறி போட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்புகிற குடும்பத்துக்கு அது சிறிய நட்டமல்ல. உலகம் அழியும் என்று பயமுறுத்துவதில் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். கண்முன் நடக்கிற இந்த நட்டம் அந்தப் பேச்சில் மறைந்துபோகிறது.

“உலகம் முழுக்கத் தேனீக்கள் குறைந்துகொண்டே வருகின்றன.”

எந்தத் தேனீ என்று கேட்க வேண்டும். பெட்டியில் வளர்க்கப்படும் தேனீக் கூட்டங்கள் 1961இல் உலகில் ஏறக்குறைய 5 கோடி இருந்தன. இன்று 9 கோடிக்கும் மேல். அமெரிக்காவில் 2006-07 குளிர்காலத்தில் பணித்தேனீக்கள் கூட்டைவிட்டுப் போய்த் திரும்பாமலே மறைந்தன. ராணியும் புழுக்களும் மட்டும் மிஞ்சிய பெட்டிகளின் படங்கள் உலகெங்கும் அச்சாயின. அங்கே இன்றும் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூட்டங்கள் மடிவது சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ அதே அளவில் நிற்கிறது. வளர்ப்பவர்கள் எஞ்சிய கூட்டங்களைப் பிரித்து, புது ராணி விட்டு, பணம் செலவழித்து ஈடுகட்டிவிடுகிறார்கள். வளர்ப்புத் தேனீக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். அது செத்தால் எண்ணுவதற்கும் ஈடுகட்டுவதற்கும் ஆள் உண்டு.

உலகில் தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். அவற்றில் தேன்பெட்டிக்குள் வாழச் சம்மதிப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை தனித்தே வாழ்பவை. ராணி கிடையாது, பணித்தேனீ கிடையாது, நாம் எடுக்கத் தேன் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே மண்ணில் வளை தோண்டும், அல்லது மட்டையிலும் மூங்கிலிலும் துளையிடும்; மகரந்த உருண்டை சேர்த்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். இவை குறைந்தால் கேட்க நாதியில்லை.

கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிர் நம்மிடம் இல்லை. கத்தரிப்பூவில் தேன் கிடையாது. நடுவில் கூம்பாக நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகள் மற்றப் பூக்களில்போல் பிளந்து விரிவதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசித்துளை மட்டும் இருக்கும். மகரந்தம் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் பூவைப் பிடித்து வேகமாக அதிர வைக்க வேண்டும். தச்சத்தேனீ அதைச் செய்யும். கன்னங்கரேலென்று பெரிதாக இருக்கும். நம் ஊரில் கருவண்டு என்று நினைத்து விரட்டுகிறோமே, அதுதான். நீலப்பட்டைத் தேனீயும் செய்யும். அவை மகரந்தப்பைகளைக் கட்டிக்கொண்டு, சிறகை அடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரச் செய்கின்றன. ரீங்காரம் நம் காதுக்கே கேட்கும். மகரந்தம் துளைவழியே பீறிட்டுத் தேனீயின் வயிற்றில் அப்பிக்கொள்கிறது. பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிக் காட்டைச் சுற்றி நூறு பெட்டி வைத்தாலும் அவை கற்றுக்கொள்ளப் போவதில்லை. தக்காளிப்பூவும் இதே சாதி. காற்று ஓரளவு உலுக்கிக் காய்க்க வைக்கும் என்றாலும், இந்தத் தேனீக்கள் வந்துபோன பூவில் காய் நன்றாகப் பிடிக்கிறது.

“பூ நிறைய வருது, காய்தான் பிடிக்க மாட்டேங்குது” என்று விவசாயி மருந்துக் கடையில் போய் நிற்கிறார். வெயில், தண்ணீர், சத்து என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பூவுக்கு யார் வருகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் ஒரு டானிக் எடுத்துத் தருகிறார்.

தச்சத்தேனீக்கு முருங்கையோடும் பந்தம் உண்டு. முருங்கைப்பூவின் முக்கிய விருந்தாளி அதுதான். ரோஜா இலையிலும் துவரை இலையிலும் அரைவட்டமாகக் கத்தரித்ததுபோல் வெட்டு தெரிந்தால் ஏதோ புழு என்று மருந்தடிக்கிறோம். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய இலையைச் சுருட்டித் தன் குஞ்சுக்கு அறை கட்டுகிறது. அந்த வகைத் தேனீக்கள்தான் துவரம்பூவையும் திறந்து மகரந்தம் கடத்துகின்றன.

2013இல் உலகெங்கும் 41 பயிர்முறைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று, பெட்டித் தேனீயின் வருகையைவிடக் காட்டுப் பூச்சிகளின் வருகை காய்பிடிப்பை இரண்டு மடங்கு உயர்த்துகிறது என்று கண்டது.

“தேன்பெட்டி கொடுத்தால் சரியாகிவிடும்.”

தேன்பெட்டிக்கு நான் எதிரியல்ல. சூரியகாந்திக்கும் வெள்ளரிக்கும் ஏலத்துக்கும் பெட்டித் தேனீயால் நல்ல பலன் உண்டு, சிறு விவசாயிக்குத் தேன் காசும் கிடைக்கிறது. மத்திய அரசு 2020இல் 500 கோடி ரூபாயில் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தைத் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பெட்டி எண்ணிக்கை கூடுவதையே தேனீப் பாதுகாப்பு என்று எழுதும்போது மார்த்தாண்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் மரங்கள் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. ரப்பரில் தேன் பூவில் மட்டும் சுரப்பதில்லை. மாசி, பங்குனியில் துளிர்க்கும் இளங்கொழுந்தின் காம்பு நுனியில் சுரக்கும். இப்படித் தழைத்த தொழில் 1991-92இல் நிலைகுலைந்தது. தாய்லாந்தில் 1976இல் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் நுழைந்து கூட்டங்கூட்டமாக அழித்தது. புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்பே செத்து, தண்ணீர் நிறைந்த பைபோல் ஊறிக் கிடக்கும். மருந்து கிடையாது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பெட்டிகளில் பெரும்பகுதி காலியானது. எஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள்.

பெட்டிகளை நெருக்கமாக வைத்து ஊருக்கு ஊர் கொண்டுபோனால் நோயும் கூடவே பயணம் செய்யும். வரோவா உண்ணியின் கதையும் இதுதான். அது நம் ஆசியத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்த ஒட்டுண்ணி. நம் தேனீ அதைச் சமாளிக்கப் பழகியிருந்தது. மேற்கிலிருந்து ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது உண்ணி அதன்மேல் தாவியது. 1987இல் அமெரிக்காவிலும் 2022இல் ஆஸ்திரேலியாவிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

“செல்போன் கோபுரங்கள்தான் காரணம்.”

2006இல் ஜெர்மனியின் லாண்டாவ் நகர ஆய்வாளர்கள் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியின் தளக்கருவிகளைத் தேன்கூட்டுக்குள்ளேயே வைத்துச் சிறிய சோதனை ஒன்று செய்தார்கள். மறு ஆண்டு ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் அதை “செல்போன் தேனீக்களைக் கொல்கிறது” என்ற பொருளில் எழுதியது. அந்த ஆய்வு செல்போனையோ கோபுரத்தையோ தொடவே இல்லை. கோபுரத்தைக் கைகாட்டுவது சுலபம், ஏனென்றால் அதில் நம் கை எதுவும் இல்லை.

நம் கை இருக்கும் இடம் வேறு. இமிடாகுளோபிரிட், தையமீதாக்சம் போன்ற மருந்துகள் செடியின் உடல் முழுக்க ஊடுருவி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இவற்றைக் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளி வயல்களில் அடியோடு தடை செய்தது. இந்த வகை மருந்து பூசிய விதையை விதைத்த சுவீடன் வயல்களில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பெட்டித் தேனீக் கூட்டங்களில் பெரிய பாதிப்பு தென்படவில்லை. தனித்தேனீக்கள் அந்த வயல்களையொட்டிக் கூடு கட்டுவதையே நிறுத்திவிட்டன. பெட்டியை மட்டும் சோதித்துவிட்டு மருந்துக்கு நற்சான்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்தது வரப்பு. தும்பை, துத்தி, நெருஞ்சி, ஆவாரை எல்லாவற்றையும் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிட்டு வரப்பு சுத்தமாக இருக்கிறது என்கிறோம். ஆவாரம்பூவின் மகரந்தப்பையும் கத்தரியைப் போலவே நுனித்துளை கொண்டது. அதையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். கத்தரி பூக்காத மாதங்களில் அந்தத் தேனீக்களுக்குச் சோறு போடுவது வரப்பிலும் தரிசிலும் நிற்கும் ஆவாரை. பத்தில் ஏழு தேனீ இனங்கள் மண்ணில் வளை தோண்டுபவை. உழாத ஒரு முழ அகல வரப்பு, இடிந்த மண்சுவர், பட்டுப்போன முருங்கைக் கிளை, வேலியில் ஒரு காய்ந்த மூங்கில், இவைதான் அவற்றின் வீடுகள்.

“இயற்கை மருந்து என்றால் தேனீக்குப் பயமில்லை.”

ஸ்பினோசாட் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது. பல நாடுகளில் இயற்கை விவசாயத்துக்கு அனுமதிக்கப்பட்டதும்கூட. இலையில் ஈரம் காயும் முன் அதைத் தொடும் தேனீ செத்துவிடும். மருந்து எதிலிருந்து வந்தது என்பதைவிட, எப்போது அடிக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது என்ற கேள்விக்கு “மாலையில் அடியுங்கள்” என்று எல்லாப் பயிருக்கும் ஒரே விதி சொல்லப்படுகிறது. பூசணிக்கு அது சரி. அதன் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன் கூம்பிவிடும். சுரையும் பீர்க்கும் பொழுது சாயும்போதுதான் விரிகின்றன. புடலை இருட்டிய பிறகு விரிகிறது, அதன் வெள்ளைப்பூவைத் தேடி அந்துப்பூச்சிகள் வருகின்றன. அந்தப் பந்தல்களில் மாலை மருந்து நேராகப் பூவுக்குள் போய் விழுகிறது. அங்கே மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால், இரவில் விரிந்த பூக்கள் வாடிய பிறகு காலையில் அடிக்க வேண்டும்.