17(பி) மெமோ வந்துவிட்டதா, தங்கச்சி?

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தங்கைகளுக்கு எழுதுகிறேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் குற்றச்சாட்டு மெமோ வைத்த கவரோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பார். கை நடுங்கும். ‘வாங்க மாட்டேன்’ என்று சொல்லத் தோன்றும். சொல்லாதே. வாங்கிக்கொள். பெற்ற தேதியைக் கையெழுத்துக்குக் கீழே எழுது. நீ வாங்க மறுத்தாலும் விசாரணை நிற்காது, உன் விளக்கம் இல்லாமலே நடந்து முடிந்துவிடும்.

அடுத்து, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் எந்த விதி என்று பார். உத்தரவில் 17(அ) என்று இருந்தால் நாம் ‘17 ஏ’ என்று சொல்லும் சிறு தண்டனை மெமோ. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்ற அளவில் போகும். 17(ஆ) என்றால் ‘17 பி’. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகக்கூடியது. 17(உ) என்றால் சஸ்பென்ஷன்.

இந்த இடத்தில்தான் பல பேர் தவறு செய்கிறார்கள். ‘என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று விளக்கத்தை நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்றம் உன் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது, தங்கச்சி. பி.சி.சதுர்வேதி வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீதிமன்றம் பார்ப்பது முடிவு எடுத்த முறையை. விசாரணை முறைப்படி நடந்ததா, உனக்கு வாய்ப்புக் கொடுத்தார்களா, முடிவுக்கு ஏதாவது சாட்சியம் இருக்கிறதா என்றுதான் கேட்கும். சாட்சி சொன்னது உண்மையா பொய்யா என்று எடைபோட்டு விசாரணை முடிவை மாற்றாது. தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு அதிகமாக இருந்தால் மட்டுமே அதில் கைவைக்கும். சென்னைக்குப் போகும் கோப்பை நீ பள்ளியிலேயே, விசாரணை அலுவலர் முன்னாலேயே கட்டியாக வேண்டும்.

நம் வட்டாரத்தில் வரக்கூடிய ஒரு குற்றச்சாட்டையே எடுத்துக்கொள். சிப்காட் உருக்காலையில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளை ஜூலையில் சேரும், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பாது. பேரை நீக்காமல் வருகை போட்டுவிட்டாய், சத்துணவு எண்ணிக்கை இடித்தது என்று மெமோ. ‘நான் குற்றமற்றவள்’ என்று எழுதுவதால் பயனில்லை. அந்தந்தத் தேதியின் வருகைப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு, நீ தலைமை ஆசிரியருக்குக் கொடுத்த கடிதம் ஆகியவற்றின் நகல்களை எழுத்துமூலம் கேள். தரவில்லையா, இரண்டாம் முறையும் கேள். கேட்ட கடிதத்தின் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ கையெழுத்து வாங்கு, இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வை. கேட்ட ஆவணத்தைத் தராமல் நடத்திய விசாரணை செல்லாது என்று சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் 2010-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. விசாரணை அலுவலர் துறையின் ஆளாக நடந்துகொள்ளக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. ஆனால் நீ கேட்டாய் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே.

விசாரணை நாளில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேள். மறுத்தால் சண்டை போடாதே, அன்று மாலையே கடிதமாகக் கொடு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே. விசாரணை அறிக்கை வந்ததும் அதன் நகலை உனக்குத் தந்து, உன் பதிலைக் கேட்ட பிறகே தண்டனை முடிவாக வேண்டும். 1993-ல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னது இது. அந்தப் பதில்தான் உன் மிக முக்கியமான காகிதம். அறிக்கையில் எந்தச் சாட்சி, எந்த வரி பொருந்தவில்லை என்று பக்க எண்ணோடு எழுது.

பழைய விஷயத்தைத் தோண்டி எடுத்திருந்தால் பி.வி.மகாதேவன் வழக்கை வக்கீலிடம் நினைவுபடுத்து. 1990-ல் நடந்ததற்கு 2000-ல் மெமோ கொடுத்தது தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம். தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சஸ்பெண்ட் ஆனால் மூன்று மாதத்தில் தானாக முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2015-ல் அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பு, மெமோ கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்றது உண்மை. ஆனால் அது எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் விளக்கிவிட்டது. அதனால் சும்மா காத்திருக்காதே. சஸ்பென்ஷனை மறுஆய்வு செய்யச் சொல்லி மனு கொடு. சஸ்பென்ஷன் காலத்துக்கான பிழைப்பூதியம் வரவில்லையென்றால் அதையும் எழுத்தில் கேள். அது கிடைக்காமல் விசாரணைக்கு வர முடியாமல் போன கோலார் தங்கவயல் ஊழியர் பால் ஆண்டனிக்கு 1999-ல் வேலையே திரும்பக் கிடைத்தது.

கூட்டமாக வேலைநிறுத்தம் செய்தால் மெமோ பயமில்லை என்று நினைக்கிறவர்கள் 2003-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே மூச்சில் நீக்கினார்கள். ஆகஸ்ட் 6-ம் தேதி ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் உரிமையே அல்ல என்றது. பெரும்பாலோர் திரும்ப வந்தது அரசு இறங்கி வந்ததால்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அடித்து, அவமானப்படுத்தி மெமோ வாங்கியிருந்தால் இந்த யோசனைகளைத் தேடி என்னிடம் வராதே. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அதைத் தடை செய்கிறது. மாணவியிடம் தவறாக நடந்த நவோதயா பள்ளி ஆசிரியரை முறையான விசாரணை இல்லாமலே நீக்கியதைக்கூட 1996-ல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. எனக்கும் அதுதான் சரி.

தண்டனை உத்தரவு வந்துவிட்டால், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்து நேரே பாரிமுனை உயர் நீதிமன்றத்துக்கு ஓடாதே. முதலில் துறை மேல்முறையீடு. அதைச் செய்யாமல் ரிட் போட்டால், ‘அங்கே போய்விட்டு வா’ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதம்தான் கெடு. அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டு வை.