பழைய கோப்பு புதியதை அழித்த கதை

எங்கள் வீட்டில் ஒரு மேசைக் கணினியும் காக்காவின் மடிக்கணினியும் உள்ளன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பக் குறிப்புகளை இரண்டிலும் எழுதுவேன். பென்டிரைவில் கொண்டுபோய் இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருப்பது வழக்கம். இதுதான் ஒத்திசைவு. எந்தக் கோப்பின் திகதி பிந்தியதோ அதை வைத்துக்கொள்வேன்.

தவணைப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில் அந்த விதி என்னைக் கைவிட்டது. மேசைக் கணினியில் மூன்று இரவு எழுதிய தரவுத்தளக் குறிப்புகள் போய், மடிக்கணினியிலிருந்த பழைய பிரதியே எஞ்சியது. அழுதுகொண்டு காக்காவிடம் காட்டினேன். "மணிக்கூட்டப் பாத்தியா புள்ள?" என்றார். திரையில் ஆண்டு 2009!

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் உண்டு. கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். அது செத்துப்போனதால், மின்வெட்டுக்குப் பின் கணினி பழைய திகதிக்குத் திரும்பியிருந்தது. நேற்று எழுதிய கோப்பு 2009இல் எழுதியதாகப் பதிவானது.

மணிக்கூடு சரியாக இருந்தாலும் சிக்கல் தீராது. ஒரே கோப்பைக் காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றதிலும் திருத்தினால், பிந்தியதை வைத்துக்கொள்ளும்போது காலைத் திருத்தம் அழியும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் குழுவினர் உருவாக்கிய யூனிசன் வேறு வழியில் செல்கிறது. கடைசியாக ஒத்திசைத்தபோது கோப்பு இருந்த நிலையை அது குறித்து வைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை மறுபக்கம் கொண்டுபோகும். இரு பக்கமும் மாறியிருந்தால் தானாக முடிவெடுக்காமல் நம்மிடம் கேட்கும். எது பிந்தியது என்ற கேள்வியே அதற்குத் தேவையில்லை.

1996இல் அன்ட்ரூ டிரிட்ஜெலும் போல் மெக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க், கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் வலையமைப்பில் அனுப்பும். டேட்டா மிச்சம். ஆனால் அது ஒருதிசைப் பயணம். இரு கணினியிலும் எழுதுபவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, ஒத்திசைவு காப்புப்பிரதி அல்ல. ஒரு பக்கம் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் ஒழுங்காக மறுபக்கம் போய்ச் சேரும். உம்மா நகைப்பெட்டியை வைக்கும் அலுமாரியில் இப்போது என் இரண்டாவது பென்டிரைவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதை எடுப்பேன். பழைய பிரதிகளை அழிக்காமல், திகதியிட்ட புதிய கோப்புறையில் அன்றைய பிரதியைச் சேர்ப்பேன்.

மின்கலத்தை வாப்பா வாங்கி வந்தார். குறிப்புகளைத் தோழியின் கொப்பியைப் பார்த்து மீண்டும் எழுதினேன், இம்முறை பேனாவால்.