டேங்க் நிரம்பியது என்றால் எதுவரை?

37 லிட்டர் டேங்கில் 40 லிட்டர் பிடித்ததாக ரசீது வந்தால், பங்க்கில் மோசடி என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் கார் கையேட்டில் இருக்கும் கொள்ளளவு பாதுகாப்பாக நிரப்ப வேண்டிய அளவு. விளிம்புவரை பிடிக்கும் அளவு அல்ல. அதற்கு மேலும் காலி இடமும் கழுத்துக் குழாயும் உண்டு. அந்த இடத்தைக் காரணத்தோடுதான் விட்டிருக்கிறார்கள். நிலத்தடித் தொட்டியில் குளிர்ந்திருந்த பெட்ரோல், வெயிலில் 10 டிகிரி சூடேறினாலே 40 லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லி விரியும். ஆவி தங்கவும் இடம் வேண்டும். குழாய் தானாக நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி ஊற்றினால், ஆவியை உறிஞ்சும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடும். தொகையை முழு ரூபாயாக்க ஊற்றும் அந்தச் சில மில்லி, பெரிய பழுதுச் செலவில் முடியலாம்.

அப்படியானால் பங்க்கில் ஏமாற்றே நடக்காதா? நடக்கலாம். ஆனால் டேங்க் அளவுகோல் அல்ல. சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு. விளிம்புவரை நிரப்புவதுபோலவே, டேங்க் அடிமட்டம்வரை காலியாகும்படி ஓட்டுவதும் தவறுதான்: பல கார்களில் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். கால் டேங்க் இருக்கும்போதே நிரப்புங்கள். முதல் முறை குழாய் நின்றதும், "போதும்" என்று சொல்லிவிடுங்கள்.