சூரைச்செடியின் கீழே



2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. ஊரடங்கினால் சபை கூடவில்லை. புருஷனை இழந்த ஒரு சகோதரிக்குப் போன் செய்து, "அழாதீங்கம்மா, விசுவாசமா இருங்க" என்றேன். "பாஸ்டர், மூணு நாளா தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கல" என்றார்கள். என் வாய் அடைத்துப்போயிற்று.

அன்றிரவு 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்தேன். சாகவேண்டுமென்று கேட்ட எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கினான், இரண்டாந்தரமும் போஷித்தார். ஓரேபிலே கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான்!

மறுநாள் அந்த வீட்டு வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு, அந்தச் சகோதரி அழுது முடிக்குமட்டும் தள்ளி நின்றேன். பிரசங்கம் பண்ணவில்லை.

தேவபிள்ளையே, பயமும் கண்ணீரும் அவிசுவாசமல்ல. கொள்ளைநோய்க் காலத்தில் மூன்றை மறவாதே:

1. சரீரத்தைக் கவனி. சாப்பாடு, தூக்கம், மருந்து, தடுப்பூசி எல்லாம் கர்த்தர் தரும் அடைதான்.

2. ஜெபத்தில் உள்ளதை உள்ளபடி சொல். எலியா தன் மனச்சலிப்பை மறைக்கவில்லை.

3. தனியே இராதே. நான் ஒருவன்தான் மீதி என்றவனுக்குக் கர்த்தர் 7000 பேரைக் காட்டினார், எலிசாவையும் கொடுத்தார்.

இன்றைக்குச் சூரைச்செடியின் கீழே இருப்பது யார்? அடை கொண்டுபோகிற தூதன் நீயாயிருக்கலாம். ஆமென்.