குழந்தையின் பிழையும் ஆய்வாளரின் வினாவும்

முன்னுரை

தமிழ் பயில்வோர்க்குக் குழந்தைப் பருவம் புதிய பாடுபொருளன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியம் அப்பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகின்றது. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை அப்பருவங்களை அமைத்துக் காட்டுவது பாட்டியல் மரபு. கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையும், கைகொட்டி மகிழும் சப்பாணியும், தளர்நடையிட்டு வரும் வருகையும் குழந்தையை அருகிருந்து உற்று நோக்கியோர் கண்ட காட்சிகளே. ஆயினும், பாட்டுடைத் தலைவரைப் போற்றுவதே புலவர்தம் நோக்கம். ‘இக்குழந்தை உலகை எவ்வாறு அறிகின்றது?’ என்று வினவுதல் அவர்தம் பணியன்று. அப்பணியை மேற்கொண்ட துறை வளர்ச்சி உளவியல் ஆகும். பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பயிலப் புகும் மாணவர் முதற்கண் கற்க வேண்டிய பாடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையும் முறையும்

கருவில் தொடங்கி முதுமை வரை மனிதரிடம் நிகழும் மாற்றங்களை வளர்ச்சி உளவியல் ஆராய்கின்றது. உடல், அறிவு, மொழி, உணர்வு, சமூக உறவு ஆகிய யாவும் அதன் எல்லைக்குள் அடங்கும். ஆய்வு முறைகளுள் இரண்டினை மாணவர் தொடக்கத்திலேயே கற்பர். நான்கு, ஆறு, எட்டு வயதுக் குழந்தைகளை ஒரே காலத்தில் ஒப்பிட்டு நோக்குவது குறுக்குவெட்டு ஆய்வு. அதே குழந்தைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து நோக்குவது நெடுங்கால ஆய்வு. முன்னது விரைவில் முடியும்; ஆனால் ஒரு குழந்தை எவ்வாறு மாறியது என்பதை நேரே காட்டாது. பின்னது அதனைக் காட்டும். ஆனால் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். இடையில் விலகிச் செல்வோரும் உண்டு.

முறைகளைக் கற்றபின்னும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கின்றது. சிறு குழந்தை தன் மனத்தைத் தானே விளக்கிக் கூறாது. அதன் சொல்லையும் செயலையும் கொண்டே நாம் அதன் மனத்தை ஊகித்தறிகின்றோம். எனவே, ஊகம் பிழைபட வழியுண்டு. இத்துறையின் வரலாறே இதற்குச் சான்று பகர்கின்றது.

பிழையைப் பொருட்படுத்திய பியாஜே

பள்ளியில் தனி உதவி வேண்டும் குழந்தைகளைக் கண்டறியும்பொருட்டு, பிரான்சு நாட்டில் பினே, சிமோன் ஆகிய இருவரும் 1905ஆம் ஆண்டில் ஓர் அறிவுச் சோதனையை வெளியிட்டனர். சரியான விடைகளை எண்ணுவதே அத்தகைய சோதனைகளின் வழக்கம். சுவிட்சர்லாந்தில் 1896இல் பிறந்து, நத்தையினங்களை ஆராய்ந்து 1918இல் முனைவர் பட்டம் பெற்ற ழான் பியாஜே, அதன்பின் பாரிசு நகரில் இத்தகைய சோதனைப் பணியொன்றில் ஈடுபட்டார். சரியான விடைகளைக் காட்டிலும் தவறான விடைகளே அவர் கருத்தைக் கவர்ந்தன. ஒத்த வயதுக் குழந்தைகள் ஒத்த வகையிலேயே தவறு செய்வதை அவர் கண்டார். அவ்வாறாயின், பிழை என்பது அறிவின்மை அன்று. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கே குழந்தையின் சிந்தனை முறை. இக்கருத்தே அவர்தம் வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாயிற்று.

அவர்தம் சோதனைகளுள் ஒன்றினை நோக்குவோம். குழந்தையின் முன் இரு வரிசைகளில் சம எண்ணிக்கையிலான வில்லைகளை நேருக்கு நேராக அடுக்குவர். ‘இரண்டும் சமமா?’ என வினவினால் குழந்தை ‘ஆம்’ என்னும். பின்னர் ஆய்வாளர் ஒரு வரிசையை மட்டும் அகற்றிப் பரப்பி, அதே வினாவை மீண்டும் எழுப்புவார். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுட் பலர் நீண்ட வரிசையிலேயே வில்லைகள் மிகுதி என்பர். தோற்றம் மாறினும் எண்ணிக்கை மாறாது என்னும் தெளிவு இவ்வயதில் அமையவில்லை எனப் பியாஜே கொண்டார்.

வினாவையே வினவியோர்

எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சன் இச்சோதனையை வேறொரு கோணத்தில் நோக்கினார். வளர்ந்த ஒருவர், குழந்தையின் கண்முன்னே வேண்டுமென்றே வரிசையை மாற்றுகின்றார். பின் முன்னர்க் கேட்டதையே மறுபடியும் கேட்கின்றார். ‘முதலில் சொன்ன விடை பிழை போலும், இவர் வேறு விடையை எதிர்பார்க்கின்றார்’ எனக் குழந்தை கருதுதல் இயல்பன்றோ?

இதனை அறிய, மெக்காரிகிள் என்பவரும் டொனால்ட்சனும் 1974ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு நடத்தினர். அதில் ஆய்வாளர் வரிசையைத் தொடவில்லை. பெட்டியினின்றும் ‘குறும்புக்காரக் கரடிப் பொம்மை’ ஒன்று வெளிப்பட்டு, விளையாட்டைக் கெடுப்பதுபோல் வரிசையைக் கலைத்தது. பின்னர் அதே வினா கேட்கப்பட்டது. ஆய்வாளரே மாற்றியபோது 80 குழந்தைகளுள் 13 பேர் மட்டுமே சரியான விடை கூறினர். கரடி கலைத்தபோதோ 50 பேர் கூறினர். குழந்தைகள் அவர்களே, வில்லைகளும் அவையே, மாறியது சூழல் ஒன்றுதான்.

இத்துடன் வழக்கு முடிந்ததெனக் கொள்ளுதல் கூடாது. 1986இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கரடி உண்மையிலேயே எண்ணிக்கையை மாற்றியபோதும் குழந்தைகள் ‘சமம்’ என்றே கூற முற்படுவதைக் காட்டியது. கரடியின் குறும்பில் மனம் ஈடுபட்டு, வில்லைகளை நோக்க மறந்தனர் போலும். ஆக, பியாஜேயின் வினாவை ஆராய்ந்தது போன்றே அவரை மறுத்தோரின் வினாவையும் ஆராய வேண்டியதாயிற்று. அறிவுத்துறை வளர்வது இவ்வாறேயாகும்.

காத்திருத்தலும் நம்பிக்கையும்

மற்றொரு சான்றும் ஈண்டுக் கருதத்தக்கது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் 1960களின் இறுதி முதல் நடத்திய ஆய்வுகள் பெரும்புகழ் பெற்றவை. கைக்கெட்டும் தொலைவில் ஓர் இனிப்பு இருக்கும். உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். நெடுநேரம் காத்திருந்தோர் வளர்ந்தபின் கல்வியில் மேம்பட்டு விளங்கினர் எனப் பிற்காலத்தில் கூறப்பட்டது. பொறுத்திருக்கும் குழந்தையே வெல்லும் என ஊரெங்கும் பேச்சு எழுந்தது.

ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறு விளக்கம் தந்தது. ஆய்வாளர் ஒருவர் முதலில் நல்ல வண்ணக்கோல்கள் கொணர்வதாகக் குழந்தையிடம் வாக்களிப்பார். 14 குழந்தைகளுக்கு அவ்வாக்கு நிறைவேற்றப்பட்டது. மற்ற 14 குழந்தைகளுக்கு நிறைவேற்றப்படவில்லை. அதன்பின் இனிப்புச் சோதனை நிகழ்ந்தது. வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 12 நிமிடம் காத்திருந்தனர்; ஏமாற்றப்பட்டோர் ஏறத்தாழ 3 நிமிடமே காத்திருந்தனர். ஏமாற்றியவரின் சொல்லை நம்பாது கையிலுள்ளதை உண்டமையைப் பேராசை என்பதா, பட்டறிவு என்பதா? மேலும், 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குடும்பச் சூழலையும் கணக்கிற்கொண்டபோது காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்விக்கும் உள்ள தொடர்பு பெரிதும் குறைந்தது. குழந்தையின் குணம் என நாம் எண்ணியதில் ஒரு பகுதி அதன் இல்லத்தின் நிலையாகவே இருந்தது.

மாணவர் மேற்கொள்ள வேண்டுவன

இச்சான்றுகளால் நாம் பெறும் படிப்பினை யாது? குழந்தையின் விடை எப்போதும் ஒரு வினாவுக்கான விடையே. ஆதலின் எந்த ஆய்வினைப் பயிலும்போதும் மூன்றினை வினவுதல் நலம். குழந்தையிடம் கேட்கப்பட்டது எந்தச் சொல்லால்? கேட்டவரைக் குழந்தை எவ்வாறு எண்ணியிருக்கும்? அதே பொருளை வேறு வகையில் கேட்டிருந்தால் விடை மாறியிருக்குமா?

நேர்முகப் பயிற்சியும் இன்றியமையாதது. பெற்றோரின் இசைவு பெற்று ஒரு குழந்தையோடு அமர்ந்து, ஒரே வினாவை இருவகையில் கேட்டுப் பார்க்கலாம். குழந்தை கூறியதைத் திருத்தாமல் அவ்வாறே எழுதிக்கொள்ள வேண்டும். நமது விளக்கத்தை வேறொரு தாளில் எழுதுதல் சிறப்பு. கண்டது வேறு, கருதியது வேறு என்பது அப்போதே புலனாகும். விளையாட விரும்பி எழுந்தோடும் குழந்தையை மேலும் வினவாது விட்டுவிடுதல் ஆய்வறமாகும்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த உருசிய அறிஞர் வைகாட்ஸ்கியின் கருத்தும் துணை செய்யும். குழந்தை தனித்துச் செய்வதை மட்டும் அளத்தல் போதாது. பிறர் துணையோடு எதுவரை செய்ய வல்லது என்பதையும் அளக்க வேண்டும் என்றார் அவர். இன்று கைப்பிடித்துச் செய்வதை நாளை அது தானே செய்யும்.

நிறைவுரை

இம்மலரைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை ஆசிரியராவர், பலர் பெற்றோராவர். வகுப்பில் விடை கூறாது நிற்கும் சிறுவனுக்கு ‘மந்தம்’ என்று பெயர் சூட்ட ஒரு நொடி போதும். அப்பெயரைச் சுமந்து அவன் நடக்க வேண்டிய தொலைவோ நெடிது. வினா அவனுக்கு விளங்கியதா, கேட்டவரிடம் அவனுக்கு அச்சம் உண்டா, முன்னர் எவரேனும் அவனை ஏமாற்றினரா என எண்ணிப் பார்ப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. குழந்தை தவறிய இடத்தில் முதலில் நம் வினாவைத் திருத்துவோம். குழந்தையைப் பற்றிய முடிவினைப் பின்னர் எழுதுவோம். வளர்ச்சி உளவியல் கற்போர் கைக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவேயாகும்.