முதல் அம்புக்குப் பயிற்சி எடுங்கள்
வில்வேட்டைக்குப் புதிதாக வருவோருக்கு

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்வேட்டைக்காரர்கள் தயாராவார்கள். அந்த மாத நடுவில் தொடங்கும் வில்வேட்டைப் பருவம் ஜனவரி தொடக்கம் வரை நீள்கிறது. 1934லேயே வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் கண்ட மாநிலம் இது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. விஸ்கான்சினில் உரிமம் பெற்றவர் வெண்வால் மானை வேட்டையாடலாம். அங்கே வேலைபார்க்கும் நீங்கள், சக ஊழியர் அழைத்து, போகலாம் என்று முடிவெடுத்திருந்தால் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். பயிற்சிப் பலகையில் எத்தனை அம்பு வேண்டுமானாலும் எய்யலாம்; மானிடம் பெரும்பாலும் ஒரே அம்புதான். உங்கள் பயிற்சி முழுவதும் அந்த ஒன்றுக்காக இருக்கட்டும்.

1. சட்ட வேலைகளை முதலில் முடியுங்கள்

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைக் கல்விச் சான்றிதழ் பெற்றால்தான் உரிமம் வாங்க முடியும். பருவம் நெருங்கியபின் வகுப்பு தேடி அலையாமல் கோடையிலேயே முடித்துவிடுங்கள். வில்லின் இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, குறைந்தது 30 பவுண்டு இருக்க வேண்டும். பிராட்ஹெட் எனப்படும் வேட்டை முனை குறைந்தது எட்டில் ஏழு அங்குல அகலமும் நல்ல கூர்மையும் கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கி வேட்டை நடக்கும் நாட்களில் வில்லோடு போகிறவரும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அணிய வேண்டும். வீழ்த்திய மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்வது கட்டாயம். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். மாநில இயற்கை வளத் துறையின் புதிய கையேட்டைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. வில் உங்கள் உடம்புக்குப் பொருந்தட்டும்

பழைய வில்லை இரவல் வாங்காமல், வில்வித்தைக் கடைக்குப் போய் உங்கள் இழுநீளத்தை, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பதை, அளந்து வாங்குங்கள். இழுநீளம் தவறினால் முகமும் தோளும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்; எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அம்பு ஓரிடத்தில் சேராது.

இழுவிசையில் வீம்பு வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேரே பிடித்து, வானத்தை நோக்கித் தூக்காமல் நாணை இழுத்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் விசையைக் குறையுங்கள். நன்கு தீட்டிய முனையும் சரியான இடமும் அமைந்தால் மானுக்கு 40 முதல் 50 பவுண்டே போதும்.

இரண்டு பாதுகாப்பு விதிகளை மீறவே கூடாது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். வில் உடைந்து முகத்தில் தெறிக்கலாம். கார்பன் அம்பை எய்வதற்கு முன் இலேசாக வளைத்து விரிசல் பாருங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும்போது சிதறிக் கையில் ஏறலாம்.

3. வேலை நாட்களுக்கேற்ற பயிற்சி

ஞாயிறன்று நூறு அம்பு எய்து தோளை வருத்துவதைவிட, வாரத்தில் மூன்று நான்கு மாலைகளில் இருபது இருபதாக எய்வது மேல். களைத்த தசை தவறான அசைவைப் பழக்கமாக்கிவிடும்.

முதல் சில வாரங்கள் புள்ளியோ வளையமோ இல்லாத ஃபோம் கட்டையை இரண்டு மூன்று கெஜத் தொலைவிலிருந்து எய்யுங்கள். குறி இல்லாதபோது கவனம் உடம்புக்குத் திரும்பும்: கை முகத்தில் எங்கே நிற்கிறது, முதுகுத் தசை எப்படி இழுக்கிறது, நாண் எப்போது விடுபடுகிறது என்பது தெரியும். புள்ளியைக் கண்டதுமே விரல் அவசரப்பட்டு நாணை விடும் கோளாறை ‘டார்கெட் பேனிக்’ என்கிறார்கள். அனுபவசாலிகளையும் விடாத அந்தக் கோளாறுக்குக் குறியில்லாப் பயிற்சி நல்ல மருந்து.

பிறகு குறியிட்ட பலகைக்கு மாறி, ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அன்றைய முதல் அம்பு, கை சூடேறாமல் எய்த அம்பு, எந்தத் தொலைவிலிருந்து எய்து எங்கே பட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். பத்தாவது அம்பு நன்றாகப் போவது பெரிதல்ல. காட்டில் பத்தாவது அம்பு கிடையாது.

பருவம் நெருங்கும்போது வேட்டை உடையோடும் கையுறையோடும் உட்கார்ந்தபடியும் மரப்பரண் போன்ற உயரத்திலிருந்தும் எய்யுங்கள். உயரத்திலிருந்து எய்கையில் கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். வேட்டை முனை பயிற்சி முனையைப் போலவே பறக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கேற்ற பலகையில் எய்து சரிபாருங்கள்.

4. எய்யாமல் இருக்கப் பழகுங்கள்

விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 20 கெஜத்தைக் கடக்கக் கால் விநாடி கூட ஆகாது. 40 கெஜத்துக்கு அதைப்போல் இரு மடங்கு. ஒலியோ விநாடிக்குச் சுமார் 1,100 அடி போகிறது. நாணின் சத்தம் முந்திச் சேர, மிரண்ட மான் அம்பு வருமுன்பே உடலைத் தாழ்த்தி அசைந்துவிடும். ஆகவே தொலைவு கூடக் கூட, சரியாகக் குறிபார்த்த அம்பும் தவறும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்றே அப்பால் திரும்பி நிற்கும்போதோ எய்யுங்கள். இரண்டு நுரையீரல்களும் அம்பின் வழியில் அமையும். எதிரே பார்த்து நின்றாலோ, ஓடினாலோ, நடுவில் கிளை குறுக்கிட்டாலோ விட்டுவிடுங்கள். எய்தபின் உடனே துரத்தாதீர்கள். அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. அரை மணி நேரம் காத்திருங்கள். பச்சையாகக் குடல் பொருள் ஒட்டியிருந்தால் பல மணி நேரம் பொறுத்துத் தேடுங்கள். துரத்தினால் அடிபட்ட மான் வெகுதூரம் போய் வீணாகச் சாகும்.

5. பரணில் உயிர் முக்கியம்

மரப்பரணிலிருந்து விழுவது இந்த வேட்டையின் பெரிய ஆபத்துகளில் ஒன்று. தரையிலிருந்து கால் எடுக்கும் கணம் முதல் திரும்ப இறங்கும்வரை முழு உடல் பாதுகாப்புப் பட்டை மரத்தோடு இணைந்திருக்கட்டும். வில்லைக் கையில் பிடித்தபடி ஏறாதீர்கள்; மேலே போய்க் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

பருவம் திறப்பதற்கு முந்தைய வாரம் குறிப்பேட்டை எடுங்கள். எந்தத் தொலைவுவரை முதல் அம்பு ஒவ்வொரு நாளும் ஒரு கையகல வட்டத்துக்குள் விழுந்ததோ, அதுவே இந்த ஆண்டுக்கான உங்கள் எல்லை. அது 18 கெஜமானால் 18 கெஜம்தான். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் நாணில் கை வைக்காதீர்கள். எல்லையை நீட்ட அடுத்த கோடை இருக்கிறது.