கணக்கில் வராத மாத்திரை

செம்பூர் பி.எல். லோகண்டே மார்க் பக்கம் ஓர் அக்கா இட்லி சுட்டு விற்கிறார். விடியற்காலை 4 மணிக்கு எழுவார். 6 மணிக்கெல்லாம் இட்லி தயார். அந்தச் சாலில் அவரை எல்லாரும் இட்லி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்காவுக்கு 3 ஆண்டாகத் தைராய்டு மாத்திரை உண்டு. தைராய்டு என்பது நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. பட்டாம்பூச்சி போல இருக்கும். அது சுரக்கும் நீர்தான் உடம்புக்குச் சுறுசுறுப்புத் தருகிறது. அக்காவுக்கு அது குறைவாகச் சுரந்தது. சோர்வு, மலச்சிக்கல், உடம்பு ஊதுவது எல்லாம் இருந்தன. டாக்டர் 50 என்று எண் போட்ட மாத்திரையைக் கொடுத்தார். குறையும் நீரை அந்த மாத்திரை ஈடு செய்கிறது. அக்காவும் தேறினார்.

செம்பூர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் தேவனார் குப்பைமேடு. இன்னொரு பக்கம் மாகுல் எண்ணெய் ஆலைகள். 2016 ஜனவரியில் தேவனார் குப்பை பற்றி எரிந்தபோது பல நாள் ஊரே புகைக்குள் கிடந்தது. தும்மலும் மூக்கடைப்பும் இங்கே பலருக்குப் பழகிப்போனவை. அக்காவுக்கு இதோடு உடம்பில் தடிப்புத் தடிப்பாக அரிப்பும் வந்தது. மெடிக்கலில் கேட்டார். அவில் கொடுத்தார்கள். போட்டதும் அரிப்பு அடங்கியது. நாளைக்கு ஒன்று என்று ஓராண்டு ஓடியது.

ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடுகிறது. அரிப்பும் தும்மலும் அதனால்தான். அதைத் தடுக்கும் மாத்திரைக்கு ஆண்டிஹிஸ்டமின் என்று பெயர். அவில் பழைய வகை. அது மூளை வரை போகும், தூக்கம் வரும். வாய் உலரும், மலம் கட்டும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். செட்டிரிசின் பின்னால் வந்த வகை. அதில் தூக்கம் குறைவு. ஆனாலும் சிலருக்கு வரும்.

ஒரு நாள் காலை அக்கா அடுப்பருகே கண் அசந்துவிட்டார். கை கொப்பரை மேல் பட்டது. ஆவியில் வெந்துபோனது.

“தைராய்டு அதிகமாயிருக்கும்க்கா. மாத்திரையை ரெண்டாப் போடுங்க,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அக்காவுக்கும் அது சரியாகவே பட்டது. சோர்வு, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் முன்பு இருந்தவைதானே! 50 மாத்திரையை இரண்டாகப் போட்டார். ஒரு மாதம் போனது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மாவு ஊற்றும் கை நடுங்கியது. எடை குறைந்தது. ஆனால் தூக்கம் மட்டும் போகவில்லை.

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போனார். “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். “தைராய்டு ஒண்ணுதாங்க,” என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. அரிப்புக்குப் போடுவது அவர் கணக்கில் மருந்தே இல்லை. நம்மில் பலர் கணக்கும் அப்படித்தான்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். மிகவும் குறைந்திருந்தது. இது தலைகீழான கணக்கு. தைராய்டு நீர் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும். நீர் கூடினால் அது இறங்கும். ஆக, அக்கா உடம்பில் மாத்திரை கூடிப்போய்விட்டது. இப்படியே விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். எலும்பும் மெலியும். “பிறகு ஏன் தூக்கம்?” என்று டாக்டருக்குச் சந்தேகம். பையைக் கொட்டச் சொன்னார். அவில் அட்டை விழுந்தது.

அப்படியானால் இரண்டு மாத்திரையும் ஒன்றுக்கொன்று ஆகாதா? அப்படி இல்லை. அவில், செட்டிரிசின் போன்றவை தைராய்டு மாத்திரையின் வேலையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. டாக்டர் சொன்னால் இரண்டையும் சாப்பிடலாம். ஒன்று தரும் தூக்கத்தை இன்னொன்றின் குறை என்று எண்ணிவிடுவதில்தான் ஆபத்து. அக்காவுக்கு நடந்தது அதுதான்.

சளி மாத்திரை வேறு. அதில் பலவற்றில் மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தும் கலந்திருக்கும். அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை வேறு சில உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரமாவது வேண்டும். டீ, காப்பியும் உடனே கூடாது. அக்கா இத்தனை நாளும் டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார்! இப்போது 4 மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுகிறார். மாவு ஊற்றி முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். பிறகுதான் டீ.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே காரணம். அது தன் சுரப்பியையே எதிரியாக எண்ணித் தாக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மாதக்கணக்கில் விடாத தடிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. தைராய்டு குறைந்தால் தோல் உலர்ந்தும் அரிக்கும். அதனால் 6 வாரத்துக்கு மேல் அரிப்பு நீடித்தால் மெடிக்கல் போதாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நம் பக்கத்து டிராம்பேக்கும் தைராய்டுக்கும் ஓர் உறவு உண்டு. அங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் பரேலில் 1963-இல் ஒரு மருத்துவ மையம் தொடங்கியது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அங்கே கதிர்வீச்சுள்ள அயோடின் கொடுக்கிறார்கள். சுரப்பி அடங்கும். அதன் பிறகு பலருக்கு ஆயுள் முழுவதும் தைராய்டு மாத்திரை தேவைப்படும். அவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

அக்காவுக்கு மறுபடி 50 ஒன்று என்று ஆனது. 6 வாரம் கழித்து மறு பரிசோதனை. அவிலை நிறுத்தி, இரவில் செட்டிரிசின் கொடுத்தார்கள். “தானாகத் திடீரென்று விட்டுவிடாதீர்கள்,” என்றார் டாக்டர். செட்டிரிசினைப் பல மாதம் தினமும் சாப்பிட்டுத் திடீரென நிறுத்திய சிலருக்கு, ஒரு சில நாளில் கடும் அரிப்பு வந்தது. இது அபூர்வம்தான். ஆனாலும் 2025 மே மாதம் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதைப் பற்றி எச்சரித்தது.

அக்கா அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவர். வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய நோட்டில் ஒரு தாள் கிழித்தார். எழுதினார்:

தைராய்டு 50. காலை 4 மணி. ஒன்று.
அரிப்பு மாத்திரை 10. இரவு. ஒன்று.
இரும்பு மாத்திரை. மதியம். ஒன்று.

அந்தத் தாள் இப்போது அவர் சுருக்குப்பையில் இருக்கிறது.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுங்கள். அவற்றில் உள்ள எண்ணையும் முடிவுத் தேதியையும் படியுங்கள். அக்கா எழுதியது போல ஒரு தாளில் எழுதுங்கள். தலைவலிக்கும் சளிக்கும் எப்போதாவது போடுவதையும் சேர்த்து எழுதுங்கள்.